என் மேசையிலிருந்து மேல் மாடிக்கு ஒரு வழி

யுத்தம் திரும்பவும் தொடங்கியிருந்தது. கொழும்பில் ஒரு சரக்குக் கம்பனியின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து போகிற பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள். தமிழர் இறங்கிப் பொலிஸ் பதிவைக் காட்ட வேண்டும். அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டால் நான் தமிழன் இல்லை, வேலை தெரிந்தவன் மட்டும் என்று நம்பியிருந்தேன். மடத்தனம்.

இரண்டாம் மாடிக் கணினிகளை வலையமைப்பில் இணைக்கிற சுவிட்ச் எரிந்துபோனது. எனக்குத் தெரிந்ததை வைத்துப் புதியதொன்றைப் பூட்டினேன். மறுநாள் மனேஜர், தம்பி என்பதற்கு வழக்கம்போல் மல்லி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் கேட்டார்.

“மல்லி, மேல் மாடி செக்யூரிட்டி அறையில ஒரு ஸ்கிரீன் வெறுமையா இருக்கு. என்ன செய்தாய்?”

அப்படியொரு ஸ்கிரீன் இருப்பதே எனக்குத் தெரியாது. மற்ற மாடிச் சுவிட்ச்களின் பாஸ்வேர்ட்டை அன்றுதான் தந்தார். அவற்றின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். எனக்கு முன் இருந்தவன் ஒரு தனி வீலான் போட்டிருந்தான். கேபிள் செருகுகிற ஒரு போர்ட்டில் போய்வருகிற எல்லாவற்றையும் பிரதி எடுத்து, வேறு மாடியில் இருப்பவன் பார்க்கும்படி அனுப்புகிற வழி அது. இடையிலுள்ள ஒவ்வொரு சுவிட்ச்சிலும் அந்த வீலானை அறிவிக்க வேண்டும். ஒன்றில் விடுபட்டாலும் பிரதி அங்கேயே நின்றுவிடும். நான் பூட்டிய சுவிட்ச்தான் இடையில் இருந்தது.

பிரதி எங்கிருந்து கிளம்புகிறது என்று கீழ் மாடியில் தேடினேன். இரண்டு போர்ட்கள். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒன்று கணக்குப் பகுதியில் இருக்கும் கொட்டாஞ்சேனை அக்காவின் மேசைக்குப் போனது. மற்றது என் மேசைக்கு. அந்த மாடியில் வேறு தமிழர் இல்லை.

மனேஜரிடம் போனேன். அவர் மறைக்கக்கூட முயலவில்லை.

“மனசில வைக்காத மல்லி. மேலிடத்துக் கதை. நீ நல்லவன் எண்டு எனக்குத் தெரியும்.”

“அப்ப என்ர போர்ட்டை எடுத்துவிடட்டா?”

“எடுத்தா நீ எதையோ மறைக்கிறாய் எண்டு சொல்லுவாங்கள். மத்தியானத்துக்கு முதல் சரியாக்கு.”

அந்த நாட்களில் ஒரு தமிழனைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் வேலையோடு முடியாது. ஆளையே தூக்கிவிடுவார்கள். புதுச் சுவிட்ச்சில் அந்த வீலானைப் போட்டேன். மாடிகளை இணைக்கிற டிரங்க்கில் அதைத் திறந்துவிட்டேன். மேல் மாடியில் ஸ்கிரீன் நிரம்பியது. “சபாஷ்” என்றார் மனேஜர். அந்த வாயில் அறைய வேண்டும்போல் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“கனடாவில இருக்கிற தம்பிக்கு நான் இங்கிலிஸ் எழுத்தில தமிழ் எழுதுறனான். அவங்களுக்கு ஒண்டும் விளங்கியிராது.”

“அப்ப நல்லதுதானே அக்கா.”

“உமக்கென்ன விசரே? விளங்கினாப் பயமில்லை. விளங்காட்டித்தான் வந்து பிடிப்பாங்கள்.”

அன்றிலிருந்து தம்பிக்கு ஆங்கிலத்தில் எழுதினார். மழை, மீன் விலை, சுகம்தானே. ஏன் அக்கா என்னோடு கோபமா, யாரோ பிறத்தியாருக்கு எழுதுகிற மாதிரி எழுதுகிறாய் என்று அவன் தமிழில் கேட்டு எழுதியிருந்தானாம்.

அதுவும் மேல் மாடிக்குப் போயிருக்கும். என் வேலையில் பிழை இருக்கவில்லை.