கேட்காமல் விட்ட பதினேழாம் கேள்வி

எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் பென்சிலக்காவைத் தெரியாதவர் கிடையாது. கொண்டையில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில், பையில் சீவி வைத்த நாலு. பத்தொன்பது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி, "போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை செஞ்சீங்க?" என்று கேட்டு எழுதுவது அவர் பிழைப்பு. அந்தப் படிவங்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை போடுவது என் பிழைப்பு. அவர் செருப்பைத் தேய்க்கிறவர், நான் நாற்காலியைத் தேய்க்கிறவன்.

இந்த வருடத்து அட்டவணையில் ஆண்களுக்கு வாரம் சராசரி நாற்பத்தாறு மணி, பெண்களுக்கு இருபத்திரண்டு. மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா? யாரு மாடா உழைக்கிறாங்கன்னு கணக்கே சொல்லுது."

பென்சிலக்கா கையிலிருந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அன்று காலை நாலரைக்கு எழுந்து, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்கு உடம்பு துடைத்து, சமைத்து, துவைத்துப் போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"உங்களுக்கு எத்தனை மணி போடுவீங்கக்கா?" என்று கேட்டேன்.

"நாப்பது. மத்ததெல்லாம் நம்ம படிவத்துல வேலையே இல்லையே, தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படிவத்தைத்தான் நானும் பத்து வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

மறு வாரம் ஒரு பெண் வந்தார். வலது கை முழங்கை வரை கட்டு. லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் புருஷனோடு வேலை செய்கிறவர். கொதிதொட்டி கவிழ்ந்து கை வெந்துவிட்டது. இனி விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சம்பளப் பதிவேட்டில் புருஷன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. "அவ வேலைக்கு வரல, புருஷனுக்குச் சோறு கொண்டாந்தா" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். வாரம் இருபது மணி நேரமாவது வேலை செய்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் உதவித்தொகை என்கிறது தொழிலாளர் நல அலுவலகம்.

"நீங்கதானேக்கா அன்னைக்கு வந்து எழுதிட்டுப் போனீங்க? அந்தக் காகிதத்தக் குடுங்க, போதும்."

பென்சிலக்காவின் முகம் வெளுத்துப்போனது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பதிவறைக்குப் போனார்.

அங்கேதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தம்மா வீடு மூன்று தடவையும் பூட்டிக் கிடந்ததால் அக்கா சலவைக்கூடத்துக்கே போயிருக்கிறார். பக்கத்தில் முதலாளி நிற்கிறார். "உங்க சம்சாரம்?" என்று கேட்டதும் புருஷன், "அவ வீட்டுலதான் இருக்கா" என்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது, ஈர விரிப்பின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது அந்தம்மாதான். அவரும் "ஆமாங்க" என்றிருக்கிறார். கண்ணால் பார்த்ததை எழுதக்கூடாது, சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் யார் 'வேலை இல்லை' என்று சொன்னாலும் பதினேழாம் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: உறவினர் செய்யும் வேலையில் கூலி வாங்காமல் ஒரு மணி நேரமாவது உதவினீர்களா?

"கேக்கலடா" என்றார். "வெயிலு. முட்டி வலி உயிர் போகுது. இன்னும் மூணு வீடு பாக்கி. ரெண்டு பேரும்தான் சொல்லிட்டாங்களேன்னு கேக்காம விட்டுட்டேன்."

படிவம் கிடைத்தது. அந்தம்மாவின் கட்டத்தில் பூஜ்யம். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழித்து எழுதலாம், பென்சில்தானே என்று எனக்கும் தோன்றியது. அழித்து எழுதி என்ன செய்ய? எங்கள் படிவத்தை எந்த அலுவலகத்துக்கும் காட்டக்கூடாது, சொன்னவருக்கே நகல் கொடுக்கக்கூடாது. சட்டம் அப்படி. எனக்கு அந்தச் சட்டத்தின் மேலும், என் அட்டவணையின் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்து அக்கா விதியைச் சொன்னார். அந்தம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அழவில்லை.

"சரிங்க. காகிதம் வேணாம். நான் எத்தன மணி நேரம் வேல செஞ்சேன்னு அதுல எழுதியிருக்கு? அத மட்டும் சொல்லுங்கக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அறுபது" என்றார் அக்கா.

"அறுபதா!" அந்தம்மாவின் முகம் அப்படி மலரும் என்று நான் நினைக்கவில்லை. "கூட மாட ஒத்தாசைன்னே நெனச்சிட்டு இருந்தேனே! கவர்மென்ட்லயே எழுதியிருக்கும்போது அந்த முதலாளி என்ன சொன்னா என்ன? இப்பவே நல ஆபீசுக்குப் போறேன். உங்களக் கேட்டுக்கச் சொல்றேன்."

இடது கையால் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "அம்மா" என்று அக்கா ஒரு தடவை கூப்பிட்டார். குரல் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"நான் ஓடிப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமாக்கா?"

"என்னன்னு சொல்லுவ?" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தம்மா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேகவேகமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்.