தடம் தெரியாமல் மடித்த தார்ப்பாய்

கண்ணுகளா,

போன மாசம் நோம்பிக்கு வந்திருந்தபோது சின்னவன் சோறு தின்றுகொண்டே ஒரு வார்த்தை சொன்னான். "எங்கம்மாவுக்கு எங்களைவிடக் காடுதான் பெருசு. கடைசி வருஷம் பூரா காட்டுலயேதான் கெடந்தா." தன் பெண்டாட்டியிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அப்போது அவனுக்கு ஐந்து வயது, பெரியவளுக்கு ஒன்பது. இத்தனை வருஷமாக இவன் மனதுக்குள் இதைத்தான் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா காட்டை விரும்பிப் போகவில்லை. அவளுக்கு டி.பி. இருந்தது.

அந்த வருஷம் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவள் இருமி, முந்தானையால் வாயைத் துடைத்தாள். முந்தானையில் ரத்தம். மறுநாள் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நல்ல மனுஷன். பயப்படாதே, ரெண்டு மாசம் தினமும் ஊசி, ஒன்றரை வருஷம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது, விடாமல் எடுத்தால் சரியாகிவிடும் என்றார். காற்றோட்டமான இடத்தில் படுக்கட்டும், கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க வைக்கவேண்டாம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் 'சரியாகிவிடும்' என்பது என் காதில் ஏறவே இல்லை. காசம் என்ற ஒரு சொல்தான் ஏறியது.

வீட்டுக்கு வந்து என் அக்காவிடம், உங்கள் அத்தையிடம், சொன்னேன். புருஷன் செத்த பிறகு அவள் நம் வீட்டோடுதான் இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தம்பி, ஊட்டுல பொட்டப்புள்ள இருக்குது. இவளுக்குக் காசமுன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, நாளைக்கு நம்ம ஊட்டுப் படியேறி எவன் பொண்ணு கேட்டு வருவான்? அவ பொறந்த ஊட்டுக்கும் தெரியக்கூடாது. அங்க தெரிஞ்சா சாதிசனம் பூராத்துக்கும் தெரிஞ்சாப்பல."

அதோடு விடவில்லை. உங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, உங்கள் தலையில் கை வைக்கச் சொல்லி, யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சத்தியம் வாங்கினாள். நீங்கள் ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டு நின்றீர்கள். அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களை வளர்த்தவள் அவள்தான். நானும் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் மலையடிவாரக் கடலைக்காடு ஊரிலிருந்து இரண்டு மைல். அந்தக் காலத்தில் மோட்டாருக்குக் கரண்ட் பொழுது விழுந்த பிறகுதான் வரும். ஆண்டை வீட்டு ஆளானாலும் சரி, கூலிக்காரனானாலும் சரி, காட்டிலேயே கிடந்துதான் தண்ணீர் கட்டவேண்டும். அது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. புருஷனும் பொண்டாட்டியும் தண்ணீர் கட்டப் போகிறோம் என்று ஊரில் சொல்லிக்கொண்டோம்.

மோட்டார் ரூம் காற்றில்லாத பொந்து. வெளியில் படுக்க வேண்டும். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனால், பொம்பளைக்கு எதுக்குக் காட்டில் கட்டில் என்று கேள்வி வரும். நாமக்கல்லில் லாரி வைத்திருந்த என் பங்காளியிடம் போய், கிழிந்த லாரித் தார்ப்பாய் ஒன்று கேட்டு வாங்கினேன். நல்ல பாகத்தை மட்டும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் தொட்டில் கட்டிப் படுப்பார்கள் அல்லவா, அதுபோல ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்து இரண்டு முனையிலும் கயிறு போட்டேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த இரண்டு புங்க மரத்துக்கு நடுவில் தொட்டில், அதற்கு மேலே குறுக்காக ஒரு கயிறு, கயிற்றின் மேல் தார்ப்பாய், நாலு மூலைக்கும் முளைக்குச்சி. முதல் நாள் அதில் ஏறிப் படுத்தவள் சிரித்தாள்.

"ஏனுங்க, ரெண்டு புள்ள பெத்தவளத் தொட்டல்ல போட்டு ஆட்டறீங்க. தாலாட்டும் பாடுவீங்களா?"

"நான் பாடுனா மலை மேல இருக்கற குரங்கெல்லாம் எறங்கி வந்துரும், தூங்கு."

பனி படாமல், பூச்சி பொட்டு ஏறாமல், நல்ல காற்றில் படுத்தாள். முதல் மாசம் இருமல் குறைந்ததுகூட உண்மை.

விடிந்ததும் என் வேலை ஆரம்பிக்கும். காட்டை ஒட்டித்தான் வண்டித்தடம். ஆறு மணிக்கெல்லாம் பால்காரர்கள், விறகுக்கு மலையேறுகிறவர்கள் போக ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் அங்கே யாரும் படுத்த அடையாளம் இருக்கக்கூடாது. உங்கள் அம்மா எழுந்து நிற்பாள். முளைக்குச்சிகளைப் பிடுங்கி, குழியை மிதித்து மூடுவேன். தார்ப்பாயின் ஒரு ஓரத்தை அவள் பிடிப்பாள், இன்னொரு ஓரத்தை நான். நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடியும் குறுக்காக இரண்டாக மடித்துத் தரையில் போட்டு, முட்டி போட்டு முன்னால் தள்ளிக்கொண்டே போவேன். உள்ளே இருக்கிற காற்று முழுவதும் திறந்த முனை வழியாக வெளியே போகும். பிறகு மூடிய முனையிலிருந்து இறுக்கிச் சுருட்டவேண்டும். ஜமுக்காளத்தை அதற்கு உள்ளே வைத்துச் சுருட்டுவேன். கயிறுகளைக் கட்டைவிரலிலும் முழங்கையிலும் மாற்றி மாற்றிச் சுற்றி, அதையும் உள்ளே திணிப்பேன். முதல் நாள் சினை மாட்டு வயிறு மாதிரி வந்தது. பத்து நாளில் அரை யூரியாச் சாக்குக்குள் அடங்கியது. மோட்டார் ரூம் பரணில், பழைய பெல்ட்டுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டால், தேடுகிறவனுக்கும் தெரியாது. இத்தனையும் நான் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரத்துக்குள். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

பனியில் நனைந்த தார்ப்பாயை ஈரத்தோடு மடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். வெயிலில் விரித்துக் காயவைத்தால் தடத்தில் போகிறவர்களுக்குத் தெரியும். ஈரத்தோடு மடித்தேன். புரட்டாசி கழிவதற்குள் மடிப்பு மடிப்பாகக் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. விரிக்கும்போது குப்பென்று நாறும். நெஞ்சு கெட்டவளை அந்த நாற்றத்துக்கு அடியில்தான் படுக்கவைத்தேன். "கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவிப் பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பகலில் அவளுக்குப் படுக்கை கிடையாது. ஆள் சத்தம் கேட்டால் களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பாள். தடத்தில் போகிறவர்கள் என்னைப் பார்த்து, "உம்பொண்டாட்டியாட்டப் பாடுபடறவ இந்தச் சுத்துப்பட்டுல இல்லடா" என்பார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

ஊசி விஷயத்திலும் அப்படித்தான். பக்கத்து ஊரிலேயே ஊசி போடக் கம்பவுண்டர் இருந்தார். ஆனால் நம் சொந்தக்காரர்கள் எல்லாம் போய்வரும் இடம். அதனால் ராசிபுரம் வழியாகச் சேலத்துக்கே போனோம். தினமும் போனால் ஊரில் கேட்பார்கள் என்று வாரத்துக்கு இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை. தினமும் போடவேண்டிய ஊசி.

ஐப்பசியில் அவள் பிறந்த வீட்டில், ஓமலூர்ப் பக்கம், அவளுடைய தங்கைக்குக் கல்யாணம். கூட்டத்தில் இருமினால் தெரிந்துவிடும் என்று நாங்கள் போகவில்லை. தண்ணீர் கட்டும் முறை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம். அங்கே எல்லோருக்கும் மனத்தாங்கல். ஒரு வாரம் கழித்து, மறுநாள் அவளுடைய அண்ணன் நேரில் வந்து கேட்கப்போவதாகச் சேதி வந்தது. அன்று சாயங்காலம் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இத மடிக்க வேண்டாமுங்க."

"எதுக்கு?"

"புள்ளைக தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணீருக்கறேன். நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன். அண்ணனாப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும். அவன் பாத்தான்னா எங்கம்மாவக் கூட்டியாந்துருவான். எங்கம்மா வந்து பக்கத்துல உக்காந்தா எனக்குப் போதுமுங்க."

தொட்டில் கட்டிய மூன்று மாசத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் கயிற்று முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன். விடிந்ததும் என் கை பாட்டுக்கு முளைக்குச்சியைப் பிடுங்கியது. அவள் தன் ஓரத்தைப் பிடிக்க வரவில்லை. நானே தனியாக மடித்தேன். அன்றைக்கென்று இன்னும் சின்னதாகவே வந்தது.

மச்சான் பத்து மணிக்கு வந்தார். அவள் களைக்கொத்தோடு நின்றாள்.

"என்ன அம்மிணி, தங்கச்சி கண்ணாலத்துக்கு ஒரு எட்டு வர முடியலியா? உங்க காட்டுல கடலை காய்க்குதா, பவுனு காய்க்குதா?"

"வரலாமுன்னுதான் இருந்தேன் அண்ணா. தண்ணி மொற."

"நல்ல மொற. எளச்சுத் துரும்பாப் போயிட்டியே." என் பக்கம் திரும்பினார். "மாப்ள, எந்தங்கச்சியப் பாடுபட வெச்சே கொன்னுபோடாதீங்க. ஒரு கூலியாளு வெச்சா உங்க சொத்து அழிஞ்சா போயிரும்?"

நான், "சொன்னாக் கேக்கறதில்லீங்க மச்சான்" என்றேன். இப்படி ஒரு பொய்.

அவள் அண்ணனைக் கையைப் பிடித்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். இரண்டு புங்க மரத்துக்கும் நடுவில், அவள் படுக்கிற அதே இடத்தில், "இங்க உக்காரு அண்ணா, நல்ல நெழலு" என்று உட்கார வைத்தாள். அவர் சுற்றிப் பார்த்தார். நிழலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. முளை அடித்த குழிகூட இல்லை. கொண்டுவந்த முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "இனி நீயா வந்தாத்தான் உண்டு. அம்மா ரொம்ப வருத்தத்துல இருக்குது. நாங்க வர மாட்டோம்" என்றார். அவள் தடம் வரைக்கும் கூடவே போனாள். திரும்பி வந்து மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

கார்த்திகை அடைமழையில் மறுபடியும் ரத்தம் வர ஆரம்பித்தது. மார்கழியில் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பதினொரு நாளில் போய்விட்டாள். டாக்டர், ஊசி போட்ட தேதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு உங்கள் ஆத்தா, உங்கள் அம்மாவைப் பெற்றவள், தன் மகள் படுத்திருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தேன். காட்டுக்குக் கூட்டிப் போய்ப் பரணிலிருந்து சாக்கை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். மெதுவாகக் கையால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"இத்தனையும் இதுக்குள்ளயா மாப்ள? இத்தனூண்டா ஆக்கிப்போட்டீங்களே."

விரிக்கச் சொன்னார். அன்றுதான் முதல் தடவையாகப் பட்டப்பகலில் அதை விரித்துக் கட்டினேன். மடிப்பு மடிப்பாக நைந்து, வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழுந்தது. அவர் தொட்டிலில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது சாயும் வரைக்கும் எழவில்லை. தடத்தில் போகிறவர்கள் நின்று நின்று பார்த்துப் போனார்கள். ஒருத்தர் மட்டும், "என்னுங்க, காவலுக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எம்பொண்டாட்டி காசத்துல படுத்திருந்த எடமுங்க" என்றேன். அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு போனார். அதன் பிறகு ஊருக்குத் தெரிந்தது; உங்கள் காதில் மட்டும் விழாமல் அத்தை பார்த்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டியது இருக்கிறது, பெரியவளே. உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் உன் மாமனாரைத் தனியாகக் கூட்டிப் போய், உன் அம்மா எதனால் செத்தாள் என்று சொன்னேன். உனக்கு அது தெரியாது. சம்பந்தம் போனாலும் போகட்டும், இந்தத் தடவை ஒளிக்கக்கூடாது என்று நினைத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"அதனாலென்னுங்க? எனக்கே வந்துதுங்க. பக்கத்து வீதில ஒரு கம்பவுண்டரு. ரெண்டு மாசம் தெனமும் காத்தால போயி ஊசி போட்டுக்கிட்டு வருவேன், ஊரே கேக்கும், எப்படி இருக்குதுன்னு. அப்பறம் மாத்திரை. இப்பப் பாருங்க, கல்லாட்டம் இருக்கறேன். உங்க ஊட்டம்மாவுக்கு ஊசி விடாமப் போட்டீங்கல்லங்க?"

நான் உள்ளே வந்து, நிச்சயத்துக்குத் தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன்.