ஒரு காலும் இரண்டு பாய்களும்

மகெரிதாவிடம் பன் வாங்கப் போனால் அரை நாள் போய்விடும். தேங்காய்ப்பாலில் ஊறிய பன் அவ்வளவு ருசி என்பதால் பொறுத்துக்கொள்வோம். "ஏன் மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்பாள். தூக்கமில்லை என்றால் ஏன் தூங்கவில்லை என்பாள். நாய் குரைத்தது என்றால், "அதுக்கு முன்னாடி சும்மாதானே கெடந்துச்சு?" இப்படிப் பின்னாலேயே போய், முந்தாநாள் நான் வேலியோரம் மீன்தலையை வீசியதில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த உரிமையில் சொல்கிறேன், சில நாள் எரிச்சலாக வரும்.

எங்கள் சவாயீத் தீவில் இப்படிக் குடைகிறவர்கள் குறைவு. ஒன்று நடந்துவிட்டால், யாரால் நடந்தது, அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று மட்டும் பார்ப்போம். எந்த எண்ணத்தில் செய்தான் என்று கேட்பது நாகரிகமில்லை. இன்னொருவன் நெஞ்சுக்குள் நமக்கு என்ன வேலை? மகெரிதாவுக்கு அங்கேதான் வேலை. அவள் கணவன் இறந்த பிறகு குடும்பத் தலைமையும் அவளுக்கே வந்தது. ஊர்ச் சபையிலும் இதே கேள்விதான். பெரியவர்கள் அவள் வாயைத் திறந்தாலே பெருமூச்சு விடுவார்கள்.

போன வியாழக்கிழமை கலெபோ வளர்க்கும் பன்றி கயிறு அறுந்து சாலைக்கு ஓடி வந்தது. பஸ் ஓட்டி வந்த பெலெனாதோ வண்டியைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினான். பன்றி பிழைத்துக்கொண்டது. பஸ் மகெரிதாவின் கடைத் தூணில் மோதியது. கூரை அவள்மேல் சரிந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துபோனது. பெலெனாதோவுக்கு விலா எலும்பில் அடி, இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

மாவுக்கட்டோடு அவள் வீடு திரும்பிய அன்று, மகன் செஃபோ முற்றத்தில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். கைவைத்த பிறகுதான் யோசிக்கிற ஆள் அவன். அன்று இரவு அவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

விடிகிற நேரத்தில் பெலெனாதோவின் ஆட்கள் வந்துவிட்டார்கள். வருவார்கள் என்று தெரியும். எங்கள் வழக்கப்படி, தவறு செய்த குடும்பத்தின் தலைவர், வீட்டிலேயே விலை உயர்ந்த பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசலில் குனிந்து உட்காருவார். அடிபட்ட வீட்டார் பாயைத் தூக்கினால் பகை தீர்ந்தது. தூக்காவிட்டால் வெயிலில் கிடக்க வேண்டியதுதான். கத்தியே விழுந்தாலும் கையை உயர்த்தித் தடுக்கக் கூடாது.

ஆனால் வெளிச்சம் வந்தபோது வாசலில் இரண்டு பாய்கள் இருந்தன. ஒன்றுக்குள் பெலெனாதோவின் பெரியப்பா தோமாசி. இன்னொன்றுக்குள் பன்றிக்காரக் கலெபோ. இருட்டில் ஆளுக்கொரு பக்கமாக வந்ததால் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தூணில் சாய்ந்து கத்தியோடு நின்ற செஃபோவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மகெரிதாவை நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தூக்கி வந்தோம்.

"பாயைத் தூக்கச் சொல்லுக்கா" என்றேன்.

"இருடி. ரெண்டு பேரு வந்திருக்காங்க. யாரால முறிஞ்சதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

பாய்க்குள் இருப்பவர்கள் பேசக் கூடாது. இவள் விடுவாளா?

"கலெபோ, பன்னி எப்படி வெளிய வந்துச்சு?"

"கயிறு இத்துப்போச்சு. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன், மாத்தல. தப்பு என்னோடதுதான்."

அடுத்த பாய் அசைந்தது. "கலெபோவா அது? நீ எங்கடா வந்தே? இடிச்சது எங்க பஸ்ஸு. எழுந்து வீட்டுக்குப் போ."

"நீங்க போங்க பெரியவரே. என் பன்னி வரலன்னா உங்க பஸ்ஸு பாட்டுக்கு நேராப் போயிருக்கும்."

"லைசென்ஸ் எங்க பையன்கிட்டதான் இருக்கு, உன் பன்னிகிட்ட இல்ல!"

தோமாசியோடு வந்து, பாய்க்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திக்குத் தோள் குலுங்கியது. மகெரிதாவின் கண் மின்னியது. காலே மறந்துபோயிருக்கும்.

"பஸ்ஸு ஏன் அவ்வளவு வேகமா வந்துச்சு?"

"நேரமாயிடுச்சு" என்றார் தோமாசி.

"ஏன் நேரமாச்சு?"

"ஏற வேண்டியவங்க எல்லாம் கோயில்ல இருந்தாங்க. பாதிரியார் ஜெபத்தை முடிக்கவே இல்ல."

"அவர் ஏன் முடிக்கல?"

"அக்கா, அதோட நிறுத்து" என்றேன். "அதுக்கும் மேல போனா கடவுளுக்கும் ஒரு பாய் தேடணும்."

அவள் கேட்டுக்கொள்ளவில்லை. "பெரியவரே, பஸ்ஸுல நீங்க இருந்தீங்களா?"

"இல்ல. தோட்டத்துல சேப்பங்கிழங்கு தோண்டிட்டிருந்தேன்."

"அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

"பின்ன ஏன் வந்து உக்காந்திருக்கீங்க?"

"அவன் என் தம்பி புள்ளம்மா. வேற யாரு வர்றது?"

முதல் தடவையாக மகெரிதா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. வெயில் முற்றத்துக்கு இறங்கியிருந்தது. தோமாசி இருமத் தொடங்கினார், பாய் முழுவதும் குலுங்கியது. அந்தக் கிழவரை அப்படி உட்கார வைத்துக் கேள்வி கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

"மனுஷன் செத்துடுவாருக்கா. உனக்கு வெளக்கம் வேணுமா?"

நான் முடிப்பதற்குள் செஃபோ முற்றத்தில் இறங்கிவிட்டான்.

"என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு? எங்கம்மா கால் போச்சு. அதுக்குப் பதில் சொல்லுங்கடா!"

நேரே தோமாசியின் பாய்க்கு முன்னால் போய் நின்றான். கத்தி ஓங்கிய கையில் இருந்தது. பின்னால் இருந்த அத்தனை பேரும் தலையை இன்னும் கீழே தாழ்த்தினார்கள். ஒருவரும் எழவில்லை.

மகெரிதா கத்தவில்லை. பன் விற்கிற குரலிலேயே கூப்பிட்டாள். "செஃபோ, ஒரு கேள்வி."

"போதும்மா உன் கேள்வி."

"ஒண்ணே ஒண்ணுதான். இதுவரைக்கும் முன்னாடி நடந்ததையே கேட்டுட்டு இருந்தேன், இது இனிமே நடக்கப் போறது. நீ இப்ப வெட்டிட்டே. நாளைக்கு விடியக்காலையில அவங்க வாசல்ல, பாய்க்குள்ள யாருடா உக்காரணும்?"

செஃபோ திரும்பிப் பார்க்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"உங்கப்பா இல்ல. நான்தானே போகணும்?" மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினாள். "இந்தக் காலை எப்படி மடக்கி உக்காரட்டும்? அதை மட்டும் சொல்லிட்டு வெட்டு."

செஃபோ மெல்லத் திரும்பி அம்மாவின் காலைப் பார்த்தான். கத்தியைப் புல்லில் வைத்தான். குனிந்து தோமாசியின் பாயை அவனே விலக்கினான். வியர்வையில் நனைந்த கிழவர் கண் கூச நிமிர்ந்தார். அதன்பின் கலெபோவின் பாயையும் விலக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் நின்றான்.

"பெரியவருக்குக் கை குடுடா" என்றாள் மகெரிதா. "அவருக்கும் முட்டி மரத்துப்போயிருக்கும்."