மோட்டருக்கு மழைக்கோட்டு

எங்கள் வீட்டில் உப்புக்கு ஆயுள் மூன்று நாள். அதற்குப் பிறகு அது உப்புத்தண்ணீர். ஓர்ஸ் ஹில்லின் சரிவில், உள்துறைமுகத்துக் காற்று நேரே குசினி யன்னலால் நுழைகிற இடத்தில் வீடு. மாரி தொடங்கினால் நெருப்புக்குச்சி பற்றாது, கோப்பித்தூள் கல்லாகும், அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பச்சை மயிர் முளைக்கும். என் கலியாணச் சப்பாத்தைப் போன மாரியில் எடுத்துப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருப்பதுபோல் இருந்தது. இப்படியான வீட்டின் கராஜ் கதவுக்கு ரிமோட்டில் திறக்கும் மோட்டர் ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விழுந்ததற்குக் காரணம் மனைவியின் வலது தோள்மூட்டு. அது இறுகிப்போய் ஆறு மாதம். ஸ்டியரிங் பிடிக்கும், சோறு குழைக்கும், தலைக்கு மேலே மட்டும் போகாது. அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கிளிவெட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர் பதவி வந்தது. தை மாதம் முதல் திங்கட்கிழமை, காலை ஏழரைக்குள் கையொப்பம் வைக்க வேண்டும். காரில் ஒரு மணித்தியாலம். காரோ எங்கள் ரோலர் கதவுக்குள். அந்தக் கதவைத் தூக்க இரண்டு கையும் ஒரு முழங்காலும் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் தேவை.

"நான் எழும்பித் திறந்து விடுறன்தானே," என்றேன்.

"நீங்கள் எழும்புவீங்கள் எண்டு நம்பி நான் அதிபர் வேலை எடுக்க ஏலாதப்பா," என்றாள். "முதல் நாளே பிந்திப் போனா, நான் பென்சன் எடுக்கும்வரைக்கும் பிந்தி வாற அதிபர்தான். ஒருத்தரையும் எழுப்பாமல் நானே திறந்து, நானே போக வேணும். ஏலாட்டிச் சொல்லுங்கோ, கடிதத்தைத் திருப்பிக் குடுக்கிறன்."

இருபத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவள். அந்தக் கடிதத்தை ஒரு கதவுக்காகத் திருப்பிக் கொடுத்தால், மிச்ச வாழ்நாள் முழுவதும் நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்க வேண்டியிருக்கும்.

என் பயத்துக்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. விபத்துப்பட்ட வாகனங்களைப் போய்ப் பார்த்து, எது எப்படி நொறுங்கியது என்று காப்புறுதிக்கு அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. நொறுங்கியதை மட்டுமே பார்த்துப் பழகியவனிடம் நொறுங்காத ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கொப்பி எடுத்துக் கேள்வி எழுதுவான். நான் இருபத்தாறு கேள்வி எழுதினேன்.

முதலில் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "கராஜ் கதவுக்கு மோட்டர் வேணும்."

"ஒரு நாளைக்கு எத்தனை வாகனம் வருது, சேர்?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"ஒண்டுதான்."

மிகவும் அனுதாபமான குரலில், "இப்ப எல்லா இடமும் அப்பிடித்தான் சேர். மனம் விடாதீங்கோ," என்றார். நான் வாகனம் திருத்துகிற கராஜ் ஒன்றை நடத்தி நொடித்துப் போனவன் என்று நினைத்துவிட்டார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். விளக்கப் போனால் இன்னும் மோசமாகும்.

கடைசியில் கிண்ணியாவிலிருந்து ரோலர் கதவுகளைப் பொருத்திப் பூட்டுகிறவர் ஒருவர் மூன்று மாதிரிகளின் படங்களோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் அவரை நானா என்றேன், அவர் என்னை அண்ணன் என்றார். கடைசிவரை இருவரும் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கியபடியே கதைத்தோம். நான் கொப்பியைத் திறந்தேன்.

"நானா, இந்த உப்புக்காத்துக்கு எது நிண்டுபிடிக்கும்?"

"இத விடுங்க," என்று முதல் படத்தை மடித்தார். "பெட்டி வெறும் தகரம். ரெண்டு மாரிக்குப் பொறகு பப்படம். இது மோட்டர் உருளைக்குள்ளேயே இரிக்கிறது. வடிவுதான், ஆனா பழுதானா முழுக்கதவையும் கழட்டோணும். இந்த மூண்டாவது பக்கத்தில பூட்டுறது. பிளாஸ்டிக் பெட்டி, உள்ளுக்கு இரிக்கிற சேர்க்கிட் காட்டுக்கு மேல மெழுகு மாதிரி ஒண்டு பூசியிரிக்கு, ஆணி எல்லாம் துரு ஏறாத உருக்கு. கரண்ட் போனாலும் பெட்டரி இரிக்கு."

"பல்லி உள்ளுக்குப் போய் முட்டை இட்டால்?"

"இடாது."

"பக்கத்து வீட்டுக்காரர் டிவி ரிமோட்டை அமத்த எங்கட கதவு திறந்தால்?"

"அண்ணன், அவர் அமத்தினா அவர்ட டிவிதான் மாறும்."

"மனிசி பாதி வெளியில போய்க்கொண்டிருக்கேக்க கதவு இறங்கினால்?"

இதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டு பக்கமும் தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புக் கண்கள் பூட்டுவார்களாம். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். நடுவில் எது வந்தாலும் இறங்குகிற கதவு திரும்ப ஏறிவிடுமாம். "எங்கட ஊட்டில ரெண்டு பேரும் அப்பிடிப் பாத்துக்கிட்டு இரிந்தா எவ்வளவு நல்லம்," என்றார். மனைவி குசினிக்குள் சிரித்தது கேட்டது.

மூன்றாவது மாதிரியே முடிவாகியது. சனிக்கிழமை வந்து பூட்டினார். கதவின் பழைய ஸ்பிரிங் சுருளைக் கழற்றி நிலத்தில் போட்டபோது அது இரண்டு துண்டாகக் கிடந்தது. "இதுதான் அண்ணன் உங்கட வருத்தம். பாரம் தூக்கிறது சுருள். மோட்டர் சும்மா கூட்டிக்கிட்டுப் போறதுதான்," என்று புதுச் சுருள் போட்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, தொங்கிய சிவப்புக் கயிற்றைக் காட்டி ஏதோ சொன்னார். நான் கவனிக்கவில்லை. இருபத்தோராம் கேள்வியில் நின்றேன்.

"நானா, பெட்டிக்கு அடியில ரெண்டு ஓட்டை இருக்கே! இதுக்குள்ளால தண்ணி போகாதோ?"

"அது தண்ணி வெளிய வாறதுக்கு. இந்த ஊர்க் காத்துக்கு ஈரம் எப்பிடியும் உள்ளுக்கு வரும். வந்தது போகோணும். பெட்டி மூச்சு விடட்டும், அண்ணன். அத அடைச்சிராதீங்க."

அவர் அப்படித் தெளிவாகத்தான் சொன்னார். கொப்பியில் நானே எழுதியும் வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் அடைமழை. நான் ரிமோட்டோடு கதிரையில் இருந்து கதவை ஏற்றினேன், இறக்கினேன், திரும்ப ஏற்றினேன். நாற்பது தடவையாவது இருக்கும். கதவு சுகமாகப் போய்ச் சுகமாக வந்தது. அந்தச் சுகம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மழைச்சாரல் கதவுக்கு மேலால் மெல்லிய புகைபோல் உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டு ஓட்டை. திறந்த வாய்மாதிரி இரண்டு ஓட்டை.

எங்கள் ஊரில் ஒரு பொருளைக் காப்பாற்றுவதென்றால் ஒரே வழிதான் உண்டு. டிவி ரிமோட்டுக்குப் பொலித்தீன், காரின் ஆசனத்துக்கு வாங்கிய நாளில் வந்த பொலித்தீன், கடவுச்சீட்டுக்குப் பொலித்தீனுக்குள் பொலித்தீன். மைத்துனர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கைபிடிக்கு எட்டு வருடமாகப் பொலித்தீன். நான் ஏணி வைத்து ஏறினேன். நாற்பது தடவை ஓடி இளஞ்சூடாக இருந்த பெட்டியை இரண்டு மடிப்புப் பொலித்தீனால் சுற்றி, மேலே டேப் ஒட்டினேன். ஓட்டைகளுக்கு இன்னொரு சுற்று. இறங்கியதும் நிலத்திலிருந்த கண்கள் பாவமாகத் தெரிந்தன. அவற்றுக்கும் ஆளுக்கொரு சிறிய பை போட்டு இறப்பர் வளையம் மாட்டினேன்.

"என்னப்பா இது?" என்றாள் மனைவி.

"மழைக்கோட்டு."

"அவர் வேண்டாமெண்டெல்லோ சொன்னவர்?"

"அவர் கிண்ணியாக் காத்துக்குச் சொன்னவர்," என்றேன். கிண்ணியாவுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு பாலம்தான்.

அதோடும் நிற்கவில்லை. ஆறு இருபதுக்கு வெளிக்கிட வேண்டியவளை ஐந்து ஐம்பதுக்கு வெளிக்கிட வைத்தேன். பாலத்தில் மாடு நின்றால்? தெருவில் வெள்ளம் நின்றால்? அவள் சண்டை பிடிக்கவில்லை. அதிபராகப் போகிறவளுக்குச் சண்டையைச் சேமிக்கத் தெரியும்.

திங்கள் விடிய, அவள் நீலச் சேலையில் காருக்குள் இருந்து ரிமோட்டை அமத்தினாள். கதவு ஒரு சாண் ஏறியது. நின்றது. மேலே "டிக்" என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. திரும்ப அமத்தினாள். ஒன்றும் இல்லை.

நான் சாரத்தோடு ஏணியில் ஏறிப் பொலித்தீனைப் பிய்த்தேன். உள்ளே அது தன்பாட்டில் ஒரு மழை பெய்து முடித்திருந்தது. சேர்ந்திருந்த தண்ணீர் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு, நேரே என் முகத்தில். அதற்குப் பிறகு நான் கதைத்தது தமிழா என்று தெரியாது. "நானாவுக்குப் போன் எடும்! காட்டு போச்சு! கதவை வெட்டுவம்! ஓட்டோ பிடிப்பம்!" நான்கு கட்டளையும் ஒரே மூச்சில். ஓட்டோவில் கிளிவெட்டிக்கு!

அவள் காரால் இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இடது கையால் சிவப்புக் கயிற்றை ஒரு இழுவை இழுத்தாள். பிறகு குனிந்து, அதே இடது கையால் கதவின் அடிக்கம்பியைப் பிடித்து நிமிர்ந்தாள். கதவு, யன்னல் சீலை மாதிரி, "சர்ர்" என்று தலைக்கு மேலே போய்விட்டது. வலது தோளுக்குத் தகவலே போகவில்லை.

நான் ஏணியில். கையில் பிய்ந்த பொலித்தீன்.

"கயித்தை இழுத்தா மோட்டர் கதவை விட்டிடும், மிச்சம் புதுச் சுருள்தானே," என்றாள். "சனிக்கிழமை அவர் காட்டினவர். நீங்கள் அப்ப அந்த ரெண்டு ஓட்டையோட நிண்டனீங்கள். ஏணியைக் கொஞ்சம் அரக்குங்கோ, கார் போக வேணும்."

அரக்கினேன். கார் போனது. நேரம் ஐந்து ஐம்பத்தாறு.

காலை ஆறரைபோல் பெட்டிக்கு உயிர் திரும்பியது. தலை காயவைக்கிற மெசினால் ஊதியதாலா, மூச்சு விட்டதாலா தெரியாது. கயிற்றைத் திரும்ப இழுத்துப் பொருத்தி ரிமோட்டை அமத்தினேன். கதவு அழகாக இறங்கி, நிலத்துக்கு முழங்கால் உயரம் இருக்கையில் எதையோ நினைத்துக்கொண்டதுபோல் திரும்ப ஏறியது. இன்னொரு தடவை. அதே முழங்கால், அதே ஞாபகம். ஒன்பது தடவை தோப்புக்கரணம் போட்டது. கயிற்றை இழுத்துக் கையாலேயே இறக்கலாம் என்பது என் தலைக்கு வரவில்லை; திறந்த வீட்டை விட்டுப் போகவும் ஏலாது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வாசலில் கதிரை போட்டு இருந்தேன். பின்னால் அரிசிச் சாக்கு இரண்டு, காஸ் சிலிண்டர், தேங்காய்க் குவியல். மேலே ஏற்றிய ரோலர் கதவு. சாரம் கட்டிய ஒரு முதலாளி.

குடையோடு வந்த ஒரு அம்மா நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "தம்பி, சீனி அரைக் கிலோ தாங்கோ."

"இது கடையில்லை அம்மா."

"அப்ப ஏன் திறந்து வச்சிருக்கிறீங்கள்?"

நியாயமான கேள்வி. பதில் யோசிக்கையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார். "புதுக் கடையோ சேர்! தேங்காய் என்ன விலை?" என்றார். என் விளக்கத்தை இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். அம்மா இரண்டு தேங்காய் எடுத்துக்கொண்டு போனார்.

ஆறு ஐம்பத்தைந்துக்குத் தொலைபேசி. அவள்தான்.

"வந்து சேந்திட்டன். ஆனா உள்ளுக்குப் போக ஏலாது. பள்ளிக்கூடக் கேற் பூட்டிக் கிடக்கு, வோச்சர் இன்னும் வரேல்ல. பிள்ளையள் ஒண்டும் இல்ல, ரெண்டு மாடு மட்டும் என்னை வரவேற்க நிக்குதுகள்." சிரித்தாள். கல்லூரி நாட்களில் சிரித்த சிரிப்பு. "இந்தப் பள்ளிக்கூடத்தில வோச்சருக்கு முன்னம் வந்த அதிபர் நானாத்தான் இருப்பன்."

"இஞ்ச கதவு மூடுதில்ல," என்றேன். "இறங்குது, திரும்ப ஏறுது. நான் கடை நடத்திறன்."

"கண்ணில போட்ட பையை எடுத்தனீங்களோ?"

குனிந்து பார்த்தேன். இரண்டு கண்களும் பொலித்தீனுக்குள், ஆவி பிடித்த கண்ணாடிபோல், ஒன்றையொன்று காணாமல் தவித்துக்கொண்டிருந்தன.

"அதெல்லாம் அப்பவே எடுத்திட்டன்," என்றேன், இறப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டே. "அது கிடக்கட்டும், அந்தப் பள்ளிக்கூடக் கேற்றுக்கும் ஒரு மோட்டர் பூட்டினால் என்ன? நான் பாத்துத் தெரிவு செய்து தரலாம்."

"வோச்சர் வாறார்," என்றாள் அதிபர். "வைக்கிறன்."