மதினி கொடுத்த தண்ணீர்ச் செம்பு

மயில்துத்தம் கலந்த மைதாப் பசை கொதிக்கிற வாசனை... இன்றைக்கு எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு வீரம்மா மதினி ஞாபகம்தான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு வேலை. ஊர், கயத்தாறு போகிற வழியில் உள்ளே தள்ளிய ஒரு கரிசல் கிராமம். ஆடு மேய்த்துப் பிறகு விவசாயத்துக்கு வந்த குடும்பங்கள் நாங்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் தெலுங்கை யாரும் எழுதியதில்லை. ஆந்திராக்காரர்களுக்கே பாதிதான் புரியும்.

எங்கள் ஊர்க்காரர்கள் திருப்பூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேச பூத்துக்கு வருவார்கள். தெலுங்கில் ஆரம்பிப்பார்கள். அந்தப் பக்கம் தமிழில் பதில் வரும். இவர்களும் தமிழுக்கு மாறிவிடுவார்கள்...

தினமும் இதைக் கேட்டுக் கேட்டு, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர்ச்சாவடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தேன். எங்கள் பேச்சு எங்களோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் ஆசை.

ஆரம்பித்தவன் சும்மா இருந்தேனா? திருப்பதி போனபோது தெலுங்கு அரிச்சுவடி பத்து வாங்கி வந்தேன். மில்லில் வேலை பார்த்த ஆந்திரா சார் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தேன். தங்கமான மனுஷர். ஆனால் யார் வாயைத் திறந்தாலும், "அப்படி இல்லம்மா, இதுதான் சரி" என்பார். பிள்ளைகளோடு வந்த பெண்களையும் விடவில்லை.

மூன்றாவது வாரம் வீரம்மா மதினி வரவில்லை. என் பெரியப்பா மகனின் மனைவி. ஊரிலேயே வாய் நிறைய எங்கள் தெலுங்கு பேசுகிறவள். வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்தப் பசையக் கொஞ்சம் கிண்டு" என்று மகளிடம் தமிழில் சொன்னாள். அவள் மகளிடம் தமிழ் பேசி அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"என்ன மதினி, புதுசா தமிழு?"

"நாம பேசுதது பூரா தப்பாம்லா கொழுந்தனாரே. சார் சொல்லுதாவ. தப்பப் போயி பிள்ளைக்குச் சொல்லிக் குடுப்பாவளா? அவ தமிழே பேசிட்டுப் போட்டும்."

எனக்கு முகம் செத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பேச்சைக் காப்பாற்றப் போனவன், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வாயையும் அடைத்துவிட்டேன்.

சாரிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன். அரிச்சுவடி பரணுக்குப் போனது. அடுத்த ஞாயிறு வகுப்பை மதினி வாசலுக்கே மாற்றினோம். பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவார்கள், பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். ஒரே ஒரு சட்டம்... வேலை முடியும் வரை தமிழ் கூடாது. பேசிவிட்டால், எழுந்து செம்பை எடுத்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் மதினி வாயே திறக்கவில்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம். வேறு வழியில்லாமல் நானே எங்கள் தெலுங்கில் தத்துப்பித்தென்று ஒரு கதை சொன்னேன். பூத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கே பாதி மறந்திருந்தது. மதினி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு தாங்காமல், பசைக் கையோடு என்னைத் திருத்தினாள். திருத்த ஆரம்பித்தவள் அப்புறம் நிறுத்தவில்லை.

அன்றைக்கு அதிகமாகத் தண்ணீர் கொடுத்தது நான்தான். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

நாலைந்து வருஷம் ஓடியது அந்த வகுப்பு. இப்போது அந்த வாசலில் தீப்பெட்டி இல்லை, எல்லாம் மெஷின். பூத்தும் போய்விட்டது. மதினியின் மகள் சென்னையில் இருக்கிறாள். தினமும் வீடியோ காலில் அம்மாவோடு எங்கள் தெலுங்குதான்.

என் மகனுக்கு வராது. ஊருக்கெல்லாம் வகுப்பு நடத்தியவன் வீட்டில் கோட்டை விட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அவனை ஊருக்குக் கூட்டிப் போனேன். மதினி அவன் படிப்பைப் பற்றித் தெலுங்கில் கேட்டாள். அவன் தமிழில் பதில் சொன்னான்.

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் அதே செம்பில் தண்ணீர் கொண்டு வந்து... அவனிடம் நீட்டாமல், எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.