அக்ஷிதா சும்மா மூச்சு விட்ட நாள்

சண்முகப்பிரியா லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. நெகமத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அளவு ஜாக்கெட் கொடுத்தாலும் டேப்பை எடுத்துத் தானே அளந்து பார்ப்பாள். புருசன் தனபால் சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

நாலு வயசு மகள் அக்ஷிதாவுக்கு மழை பிடித்தால் நெஞ்சில் விசிலடிக்கும். மாஸ்க் வைத்து இன்ஹேலர் மருந்தை ஒரு பஃப் அடித்தால் அடங்கும். "சளிதான் அம்மணி" என்பான் தனபால். வீசிங்தான் என்று உறுதியானால்தான் தினசரி மருந்து தொடங்க முடியும் என்றார் டாக்டர். அதற்குத்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூச்சு டெஸ்டுக்கு நாள் வாங்கினாள் சண்முகப்பிரியா. "அன்னைக்குக் காலைல பஃப் கொடுத்தறாதீங்க, கொடுத்தா டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது" என்று நர்ஸ் உம்மல் குல்சும் இருவரிடமும் சொல்லியிருந்தாள்.

அந்தச் சின்னதுக்கு ஊதவா தெரியும்? குழாயை வாயில் வைத்துச் சும்மா மூச்சு விட்டால் போதுமாம். மூக்கில் கிளிப் மாட்டி மடியில் உட்காரவைத்து, கன்னம் உப்பாமல் சண்முகப்பிரியாவே பிடித்துக்கொண்டாள். குழந்தை சமத்தாக மூச்சு விட்டது.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் நர்ஸ்.

"நான் அப்பவே சொன்னனுங்க. இவளா எதையாச்சும் நெனச்சுக்குவா" என்று சிரித்தான் தனபால். நமக்குத்தான் புத்தி பிசகிப்போச்சோ என்று நினைத்தாள் சண்முகப்பிரியா, பாவம்.

பஃப் கொடுத்து இன்னொரு முறை பார்ப்பது வழக்கம். நர்ஸ் மாஸ்க்கை எடுத்ததும் அக்ஷிதா முகம் சுளித்தாள்.

"மறுக்காவா? அம்மா பெட்ரோல் பங்க்ல எறங்கிப் போனப்பவே அப்பா அடிச்சு உட்டாருல்ல!"

தனபால் தரையைப் பார்த்தான்.

"ஏனுங்க?" என்றாள் சண்முகப்பிரியா.

"பொட்டப்புள்ளைக்கு வீசிங்னு எழுதிப்போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? நம்ம சனம் வாய மூடுமா?"

நாலு வயசுக்குக் கல்யாணக் கவலை! கட்டுகிறவன் வருகிறவரைக்கும் அது மூச்சு விட வேண்டாமா? பஃப் கொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று சிரித்தானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"இன்னொரு நாள் குடுங்க, நானே கூட்டிட்டு வாரேன்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தனபால் கார்க் கதவைத் திறந்தான். அவள் திரும்பியும் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

இடுப்பிலிருந்த அக்ஷிதா திடீரென்று விசும்பினாள்.

"என்ன கண்ணு?"

"சொல்ல மாட்டேன்னு உங்க மேல சத்தியம் பண்ணச் சொன்னாரு அப்பா. நான் சொல்லிப்போட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லம்மா?"