சாப்பாட்டுப் பக்கத்தில் கற்ற இங்கிலீஷ்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தபோது நடந்தது இது. கல்யாணமான புதிது. என் கணவர் மணல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்துவிட்டது. மலாய் பேசிச் சமாளிப்பேன். இங்கிலீஷ் என்றால் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான்.

ஒரு புடவைக் கடையில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இங்கிலீஷ் பேசுவியாம்மா? இங்க வர்ற ஆளுங்க பாதிப் பேரு ஆபீஸ் ஆளுங்க லா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மாடியில் எங்களுக்கு அடுத்த அறையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். நான் முகம் வாடி வந்ததைப் பார்த்து விசாரித்தவர், ஞாயிற்றுக்கிழமை தன் இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி என்னிடம் கொடுத்தார். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நல்லது கெட்டது எழுதுகிற பக்கம் அது.

"அரசியல் பக்கத்தை வாசிச்சா உமக்கு நித்திரைதான் வரும். சமையல் உமக்குத் தெரியும்தானே? தெரிஞ்ச விசயமெண்டா பாதி தானா விளங்கும்" என்றார்.

அவர் சொன்னது சரியாக இருந்தது. முதல் வாரமே எங்கள் தெருவில் இருந்த ஒரு கடையைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்தக் கடைத் தோசையை நான் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் 'கிறிஸ்ப்' என்றால் மொறுமொறுப்பு என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. அப்பளம் 'சாகி' என்று எழுதியிருந்தது. அங்கே அப்பளத்தைக் காலையிலேயே பொரித்து மூடிவைத்து விடுவார்கள், மத்தியானம் நமத்துப் போயிருக்கும். அப்படியென்றால் 'சாகி' அதுதான். பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் நான் போகவே முடியாத கடைகளைப் பற்றியெல்லாம் வரும். கடையைப் பார்த்திருக்காவிட்டாலும் மீன்தலைக் கறி எனக்குத் தெரியும், ரசம் தெரியும். மீதியை ஊகித்துக்கொள்வேன்.

இலக்கணமும் அதில்தான் படித்தேன். தட்டில் ஒரு மீன் இருந்தால் 'வாஸ்', இறால் நாலைந்து கிடந்தால் 'வேர்'. குழம்பு 'வெரி' காரம் என்றால் பாராட்டு, 'டூ' காரம் என்றால் குறை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. பிடிபட்ட அன்று ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது. ஒரே ஒரு சங்கடம். சாப்பிட்டு முடித்த பிறகுதானே எழுதுகிறார்கள்? எல்லாமே இறந்த காலத்தில்தான் இருக்கும். அதனால் எனக்கு வந்த இங்கிலீஷும் இறந்த கால இங்கிலீஷ்தான். "இட் இஸ்" என்று வாயில் வரவே வராது.

கணவர் லோரியிலிருந்து வந்து களைப்பாகப் படுத்திருக்கும்போது நான் சத்தமாக வாசிப்பேன். ஒருநாள் ஆட்டுக்கறிப் பிரட்டல் 'டெண்டர்' ஆக இருந்தது என்று வாசித்தேன். கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கிறது என்று அக்கா ஏற்கெனவே விளக்கியிருந்தார்.

கணவர் சிரித்துவிட்டார். "டெண்டர்னா எங்க மொதலாளி மணலுக்கு எடுக்கிறது. ஆட்டுக்கறிக்கு யாரு டெண்டர் விட்டது?"

இப்படிச் சில மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலையிலிருந்து வந்தார். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். கேஸ்டிரிக் என்று மருந்து கொடுத்தார்கள். சனிக்கிழமை முழுக்கத் துடித்தார். எண்ணெய் தடவலாம் என்று வயிற்றில் கை வைத்தால், "தொடாதே" என்று அலறினார். ஆனால் வயிறு வழக்கம்போல மெத்தென்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று வலி நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, "கொஞ்சம் கஞ்சி குடு. போயிருச்சு" என்றார். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தேன். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஏதோ தோன்றி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பலகையைத் தொட்டது போல இருந்தது. அப்படியொரு இறுக்கத்தை மனித உடம்பில் நான் அதுவரை பார்த்ததில்லை.

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் டாக்சி பிடித்து வந்தேன். "வலிதான் நின்னுருச்சே, எதுக்கு வீண் அலைச்சல்?" என்று அவர் முனகிக்கொண்டேதான் ஏறினார். அன்றைக்குப் பார்த்து அக்கா ஊரில் இல்லை. கிள்ளானில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்.

அரசாங்க மருத்துவமனையில் நிற்க இடமில்லை. மோட்டார் சைக்கிளில் விழுந்த பையன்களை ரத்தத்தோடு கொண்டுவந்திருந்தார்கள். நர்ஸ் மிஸ்ஸிகள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்த டாக்டர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். வந்து அதிக நாள் ஆகவில்லை போலிருக்கிறது, மலாயே வரவில்லை. தமிழுக்கு வழியே இல்லை. கண்ணெல்லாம் சிவந்து, தூங்கிப் பல நாள் ஆனவர் போல இருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்த என் கணவரின் வயிற்றைச் சட்டைக்கு மேலாக விரலால் அமுக்கி, "டெண்டர்?" என்று கேட்டார்.

இவரோ, டாக்டர் கேட்பது மணல் டெண்டரைத்தான் என்று நினைத்துக்கொண்டார். "நோ டெண்டர், போஸ். லோரி டிரைவர்" என்றார்.

"பெயின்?"

"நோ பெயின். ஓகே, போஸ்."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஒரு சீட்டில் மருந்து எழுத ஆரம்பித்தார். இவர் எழுந்து நிற்கப் பார்த்தார்.

புடவைக் கடையில் திரும்பி நடந்தது போல இங்கேயும் நடந்துவிட முடியாது. ஆனால் என்ன சொல்வது? என்னிடம் இருந்ததெல்லாம் தோசையும் பிரட்டலும்தான். அவர் கேட்ட வார்த்தை மட்டும் எனக்குத் தெரிந்த வார்த்தை. மெத்தென்று இருக்கிறதா என்று கேட்கிறார், இவர் என்னவோ உளறுகிறார் என்று நினைத்தேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"டாக்டர், யெஸ்டர்டே வாஸ் டெண்டர். டுடே நாட் டெண்டர். டுடே வாஸ் வெரி ஹார்ட்."

நேற்று மெத்தென்று இருந்தது, இன்றைக்கு ரொம்ப இறுகிவிட்டது என்று சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். சொன்னதும் 'வெரி' போதாது என்று பட்டது.

"நாட் வெரி, டாக்டர். டூ ஹார்ட். டூ ஹார்ட்!"

பேனா நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கணவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, சட்டையைத் தூக்கி, உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. அப்படியே வைத்திருந்தார். அந்த முகத்தில் இருந்த களைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பி மிஸ்ஸியைக் கூப்பிட்ட குரலில் அந்த இடமே திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குடல்வால் வெடித்து உள்ளே பரவிவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று ஒரு மிஸ்ஸி மலாயில் சொன்னார். வெடித்ததால்தான் வலி நின்றதுபோல இருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் டாக்டரின் பின்னாலேயே ஓடினேன். மன்றாட எனக்கு வார்த்தை இல்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"டாக்டர், ஹி வாஸ் குட் மேன். ப்ளீஸ், டாக்டர். ஹி வாஸ் குட் மேன்."

அவர் நடையை நிறுத்தினார். "இஸ்" என்றார் மெதுவாக. "ஹி இஸ். நாட் வாஸ். ஹி இஸ் எ குட் மேன்."

இறந்து போனவரைப் பற்றிப் பேசுவது போல நான் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. 'இஸ், இஸ்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

கணவர் பிழைத்துக்கொண்டார். புண் ஆற வெகுநாள் எடுத்தது, வார்டிலேயே கிடந்தார். ஒருநாள் அந்த டாக்டர் வந்து, இங்கிலீஷ் எங்கே படித்தாய் என்று கேட்டார். சாப்பாட்டுக் கடைப் பக்கத்தில் என்று சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த தமிழ் மிஸ்ஸியை வைத்துக்கொண்டு விளக்கினார். கறிக்கு டெண்டர் என்றால் மெத்தென்று இருப்பது. உடம்புக்கு டெண்டர் என்றால் தொட்டால் வலிப்பது. நேற்று தொட்டால் வலித்தது, இன்றைக்கு இறுகிவிட்டது என்று நான் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். இந்த நோய்க்கு அதுதான் அடையாளமாம். நான் ஒன்றை நினைத்துச் சொல்ல, அவருக்கு வேறொன்றாகக் கேட்டு, இரண்டுமே உண்மையாக இருந்திருக்கிறது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதைச் சந்தோஷமான கதையாக எழுதியிருப்பேன்.

மிஸ்ஸி வந்திருந்த அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கிடந்தார். தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். அவருக்கும் இதே நோய்தான். ஆனால் மிகவும் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். அவர் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே தோட்டத்துப் பள்ளிக்கூடம். கட்டிலின் கால்மாட்டில், யாருக்கும் இடைஞ்சல் ஆகிவிடக் கூடாது என்பது போல ஒடுங்கி நின்றுகொண்டே இருப்பார். நான் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தால்கூட உட்கார மாட்டார்.

டாக்டர் வரும்போது நான்தான் அவருக்காக ஏதோ எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுச் சொன்னேன். தண்ணீர் கொடுக்கலாமா, காய்ச்சல் ஏன் விடவில்லை என்று. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். என் அரைகுறை இங்கிலீஷை அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு காலையில் அவர் கணவரின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். மிஸ்ஸி சொல்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"வலி நின்னு போச்சு, ஆனா வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு எனக்கும் தெரியும்க்கா. சொல்லணும்னு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன். யாருகிட்ட, எந்த பாஷையில சொல்றதுன்னு தெரியலக்கா."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஆறுதலாகச் சொல்ல எனக்குத் தமிழிலும் ஒன்றும் வரவில்லை. மத்தியானம் தோட்டத்திலிருந்து ஆள்கள் வந்து அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கணவர் தேறி வந்து, லோரியை விட்டுவிட்டு வேன் ஓட்டினார். நான் அக்காவிடம் முறையாகவே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். பிறகு செராஸுக்குக் குடிபோனோம். அங்கே யார் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்றாலும், கூப்பிட்டால் மருத்துவமனைக்கு நானும் கூடப் போவேன். என் இங்கிலீஷில் அப்போதும் தப்புகள் இருந்தன, வெட்கப்பட்டதில்லை. மருத்துவமனைக் கூட்டத்தில் யாராவது ஒரு பெண் ஓரமாகப் பேசாமல் நிற்பதைப் பார்த்தால், "என்னம்மா, என்ன சொல்லணும்?" என்று நானே போய்க் கேட்டுவிடுவேன்.

அந்த அம்மாவுக்கும் எனக்குத் தெரிந்த அதே விஷயம் தெரிந்திருந்தது, அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லாமல் போய்விட்டது என்ற நினைப்பு, இத்தனை வருடம் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை.